கேட்டுக்கொண்டே செய்த வேலை

காரக்குழம்புக்கு நான்கு வெங்காயம் போதும் என்று அரிவாள்மணை முன் உட்கார்ந்தாள் நர்மதா. காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, முந்தின நாள் வாங்கிய மூன்று கிலோவும் நறுக்கி முடிந்திருந்தது. தட்டு நிரம்பி, முறம் நிரம்பி, அடியில் விரித்திருந்த செய்தித்தாளிலும் ஊதாவும் வெள்ளையுமாகக் குவிந்து கிடந்தது. எல்லாம் ஒரே அளவு, ஒரே கனம். அடுப்பில் வைத்த பருப்பு கரியாகி, அந்தப் புகை கூரைக்கடியில் சாம்பல் நிறத்தில் தேங்கி நின்றது. அந்த நாற்றமும் அவள் மூக்குக்கு அப்போதுதான் எட்டியது.

அதுவரை கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. இயர்போன் காதை விட்டு இறங்கிய மறுநொடி இரண்டு கண்ணும் பற்றிக்கொண்டு எரிந்தன. புடவைத் தலைப்பால் துடைக்கப் போனவள், தலைப்பில் ரத்தம் படிவதைப் பார்த்தாள். இடது ஆள்காட்டி விரலின் நுனி மெல்லிய வில்லையாகச் சீவப்பட்டிருந்தது. எப்போது என்று தெரியவில்லை. கடைசி வெங்காயத்திலா, முதல் வெங்காயத்திலா?

கதையில் அப்படி மூழ்கிவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாவது தெருவில் அவர்கள் வீடு. கணவன் மோகன்ராஜ் வள்ளூர் பக்கம் அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. விடிவதற்கு முன் போனால் இருட்டித்தான் வருவான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பகல் ரொம்ப நீளம். இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ சொல்லி போனில் ஒலிப்புத்தகம் கேட்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து பாத்திரம் துலக்குவது, துணி தோய்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, ஒட்டடை அடிப்பது எல்லாமே கதையோடுதான். நெடுஞ்சாலை லாரிகளின் ஹாரனும், இரும்பாலைப் பக்கமிருந்து வரும் தட்டல் சத்தமும் காதைவிட்டு விலகிப் போகும். வேலை செய்வதே தெரியாது.

அவளுக்குப் பிடித்த கதையை அவளால் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. பொன்னேரியில் ஒன்றாக டிகிரி படித்த பானுவுக்கும் விக்டோரியாவுக்கும் உடனே அனுப்பிவிடுவாள். பானு பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, இறால் உரிக்கும் ஷெட் ஒன்றில் முப்பது பெண்களுக்கு மேற்பார்வை பார்க்கிறாள். விக்டோரியா கும்மிடிப்பூண்டியில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ‘இத கேளுடி, கையில வேலையிருந்தா இன்னும் நல்லாருக்கும்’ என்று நர்மதா எழுதி அனுப்பினால் இரண்டு பேரும் மறு பேச்சில்லாமல் கேட்பார்கள்.

பத்து நாளுக்கு முன்னால் அப்படித்தான் ‘வடக்கு அறை’யை அனுப்பினாள். செயலியில் தானாக முன்னால் வந்து நின்ற புத்தகம் அது. எழுதியவர் பெயர் இல்லை. வாசித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடமும் காலியாக இருந்தது. பெண் குரல், இருமல் விட்டு இரண்டு நாள் ஆன தொண்டைபோல லேசான கரகரப்பு, பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்வதுபோல ஒரு நெருக்கம். பதினான்கு அத்தியாயம் என்று போட்டிருந்தது. இரண்டாவது அத்தியாயம் முடிவதற்குள்ளேயே நர்மதா அதை மற்ற இருவருக்கும் அனுப்பிவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் வெங்காயச் சட்னி, வெங்காயச் சாம்பார், வெங்காயப் பொரியல். மோகன்ராஜ் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், விரலில் சுற்றிய துணியைப் பார்த்தான்.

"இன்னா நர்மதா, ஊருக்கே சமைச்சு வச்சிருக்கற?"

"கதை கேட்டுக்கினே வெட்டிட்டேன்."

"அப்படி இன்னா கதை அது? எனக்குத்தான் சொல்லேன்."

சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு வீடு இருந்தது. வடக்கே ஓர் அறை. அதில்… அதில் ஒருத்தி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பத்து நாள் கேட்ட கதை. ஒரு பெயர், ஒரு சண்டை, ஒரு சாவு, எதுவும் நினைவில் இல்லை. கேட்டபோது இருந்த இதம் மட்டும் வெந்நீர் ஒத்தடம்போல உடம்பில் எங்கோ மிச்சமிருந்தது.

கை கழுவியதும் போனை எடுத்துப் பார்த்தாள். இப்போது முப்பத்தோரு அத்தியாயம் என்று காட்டியது.

*

மறுநாள் அவள் கதை கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் துணி தோய்க்கும் கல்லின் முன் நின்றபோது, கேட்காமல் மோகன்ராஜின் சட்டையை எடுக்கவே கை வரவில்லை. ஐந்து நிமிடம் மட்டும் என்று மாட்டிக்கொண்டாள்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பக்கத்து வீட்டு மணியம்மாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மணியம்மாளே இயர்போனைப் பிடுங்கிப் போட்ட பிறகுதான் உலகம் காதில் விழுந்தது. மின்சார ரயில் ஒன்று நிலையத்தை விட்டுக் கிளம்பும் சத்தம், நிரம்பி வழியும் வாளி, மணியம்மாளின் அலறல்.

"இன்னாமா இது! எட்டு மணிலேர்ந்து ஒரே சட்டையத் தோச்சிக்கினு கீற! மணி மூணாவுது! கூப்டு கூப்டு என் தொண்டையே போச்சு!"

கல்லின் மேல் சட்டை இல்லை. காலரும் இரண்டு பொத்தான்களும் நூல் குஞ்சமும்தான் கிடந்தன. வெறும் கல்லின் மேல் அவள் கை முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. சோப்பு நுரை ரோஜா நிறத்தில் கல்லை விட்டு வழிந்து, சாக்கடை வரை கோடு போட்டிருந்தது.

வலி அப்போதுதான் வந்தது. எட்டு மணியிலிருந்து சேர்ந்த வலி மொத்தமும் ஒரே சமயத்தில். அவள் கத்தினாள். கத்திக்கொண்டே இருக்கும்போதும் கை நிற்கவில்லை.

மணியம்மாள் அந்தக் கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிடிபட்ட கோழிபோல அது துடித்துத் துடித்து மெல்ல அடங்கியது.

"பேய் புடிச்சா மாதிரி இன்னாமா இப்புடி…" என்ற மணியம்மாள், தான் சொன்ன வார்த்தைக்குத் தானே பயந்து நிறுத்திக்கொண்டாள்.

உள்ளே ஓடினாள் நர்மதா. செயலியை அழித்தாள். போன் திரையில் ரத்த ரேகை. உடனே அவள் நெஞ்சில் விழுந்தது இரண்டு பெயர்கள்தான். விக்டோரியா. பானு.

விக்டோரியாவின் போனை அவள் கணவன் அன்புசெல்வன் எடுத்தான். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"சிஸ்டர், நானே உங்களுக்குப் பண்ணலாம்னு இருந்தேன். இன்னா கதை சிஸ்டர் அனுப்பிச்சீங்க?"

"இன்னா ஆச்சு? விக்டோரியா எங்க?"

"நேத்து ஒரு ஜாக்கெட் தச்சா. கழுத்து, கை, இடுப்பு, எல்லாத்தையும் சேத்து மூடித் தச்சிட்டா. ஒரு ஓட்டை இல்ல. அப்பால துணி தீந்து போச்சு. மெஷின் நிக்கல. கட்டைவெரல்ல ஊசி… போனப் புடுங்கிட்டேன். மயக்க ஊசி போட்டிருக்காங்க. ஆனா கால் மட்டும் மிதிச்சினே கீது சிஸ்டர். தூங்கறா, கால் மிதிக்குது."

பின்னால் கட்டில் முனகுவது கேட்டது. சீராக. தையல் மெஷின் கணக்கில்.

பானுவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும். அப்போதுதான், காலையில் பானு அனுப்பிய குரல் செய்தி ஒன்று கேட்கப்படாமல் கிடப்பதைப் பார்த்தாள். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு வந்தது.

"நர்மதா, உன் கதை சூப்பர்டி. நான் மட்டும் கேக்கறது பாவம்னு ஷெட்டுல எல்லாருக்கும் போட்டு உடப்போறேன். எங்க ஊட்டுக்காரரோட பெரிய ஸ்பீக்கரத் தூக்கினு வந்துட்டேன். முப்பது பொம்பளைங்க வாயாடினு கெடக்காம வேலை பாக்கட்டும். இன்னிக்கு இறால் ரொம்ப வந்துருக்குது. இரு, இப்பத்தான் ஆன் பண்றேன்…"

செய்தி முடிவதற்கு முன் ஒரு கரகரப்பு. யாரோ தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். பானு இல்லை.

*

மோகன்ராஜின் போன் அணைந்து கிடந்தது. பிளாண்டுக்குள் போன் கூடாது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடினாள். ரயிலில் ஒரு நிறுத்தம் தள்ளிப் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்களை வெறித்துப் பார்த்தாள். சீக்கிரம், சீக்கிரம் இறங்கித் தொலையுங்களேன். யாருக்கும் அவசரமில்லை. கூடையை இறக்கினார்கள், கண்டக்டரிடம் கதை பேசினார்கள். வயல்கள் தீர்ந்து உப்புக்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியது. வழி நெடுக, மூச்சு விடாமல், பானுவுக்கு அடித்துக்கொண்டே வந்தாள்.

முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ, போன் எடுக்கப்பட்டது.

"பானு! பானு, அத நிறுத்துடி! உடனே நிறுத்து!"

தண்ணீர் சொட்டும் சத்தம். அதற்குப் பின்னால், மழை தகரத்தில் விழத் தொடங்குவதுபோல, டிக் டிக் டிக் என்று நூறு சின்னச் சத்தங்கள். இறால் ஓடு உடையும் சத்தம் என்று நினைத்தாள். அதற்கும் பின்னால், ரொம்பத் தூரத்தில், அந்தக் குரல். என்ன சொல்கிறது என்று பிடிபடவில்லை. காதை இன்னும் அழுத்தினாள். ஒரு வார்த்தை பிடிபட்டால் போதும். ஒரே ஒரு வார்த்தை.

"யம்மா! இன்னா பண்ற நீ!"

எதிர் சீட்டுக்காரர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். அவளுடைய கை சீட்டின் ரெக்சினைக் கிழித்து, உள்ளே இருந்த மஞ்சள் பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி மடியில் குவித்திருந்தது. முழங்கை உயரத்துக்கு. போனைக் காதிலிருந்து பிடுங்கி இணைப்பைத் துண்டித்தாள். பானுவை இனி கூப்பிடவும் முடியாது.

பழவேற்காட்டில் இறங்கியதும் மருந்துக்கடையில் பஞ்சு வாங்கினாள். வலிக்க வலிக்க இரண்டு காதிலும் திணித்து, மேலே தலைப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஆட்டோக்காரன் விநோதமாகப் பார்த்தான். அவன் என்ன கேட்டான் என்று தெரியவில்லை. குப்பத்தின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

*

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஏரி முழுக்கத் தகரத்தின் பளபளப்பு. ஷெட் குப்பத்தை விட்டுத் தள்ளி, சவுக்குத் தோப்பை ஒட்டித் தனியாக நின்றது. வாசலில் ஐஸ் வண்டி. வண்டியின் பக்கத்தில் டிரைவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! உள்ள பொம்பளைங்க…"

அவர் திரும்பவில்லை. டயர் புதுசுபோலக் கறுத்து மின்னியது. அவர் கையில் துணி இல்லை. வெறும் உள்ளங்கை. மேலும் கீழும். மேலும் கீழும். முகத்தில் நல்ல தூக்கத்தில் இருப்பவரின் நிம்மதி.

நர்மதா அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

உள்ளே முதலில் வாடை. இறாலின் கவுச்சி, குளோரின் தண்ணீரின் காரம், இரண்டுக்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று, ஈர இரும்பைப்போல. விளக்கு யாரும் போடவில்லை. மேலே இருந்த கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெளிச்சத்தில், நீளமான சிமெண்டு மேடையின் இரு பக்கமும் பெண்கள் முக்காலிகளில் வரிசையாக. நீலத் தொப்பி. பிளாஸ்டிக் ஏப்ரன். குனிந்த தலைகள். முப்பது பேரின் தோளும் ஒரே நேரத்தில் அசைந்தது.

மேடையில் இறால் இல்லை.

ஐஸ் எப்போதோ உருகிப் போயிருந்தது. கூடைகள் காலி. உரித்த இறால் பின்னால் மலையாகக் குவிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. அவர்கள் கைகள் நிற்கவில்லை. கையுறைகள் கந்தலாகிக் காலடியில் கிடந்தன. கிள்ளு. உரி. போடு. கிள்ளு. உரி. போடு. அந்த விரல்களில் அவர்கள் எதை உரிக்கிறார்கள் என்று அவள் ஒரு தடவைதான் பார்த்தாள். மறுபடி பார்க்கவில்லை. மேடைக்கு அடியில் ஓடிய கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தாள். அதையும் பார்த்திருக்கக் கூடாது.

வரிசையின் தலைமாட்டில் பானு. சிரித்த முகம். ரொம்ப நல்ல கட்டம் வரும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

ஸ்பீக்கர் ஜன்னல் திட்டில் இருந்தது. பஞ்சு அடைத்த காதுக்குள் வார்த்தை வரவில்லை. அதிர்வு மட்டும் பல்லில் வந்து தட்டியது. நர்மதா அதைத் தூக்கினாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் ஓங்கித் தரையில் அடித்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை. உடைந்ததை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினாள்.

அமைதி. டிக் டிக் டிக் மட்டும்.

"பானு," என்றாள். "முடிஞ்சிடுச்சுடி. நிறுத்திட்டேன். வா, போலாம்."

பானுவின் சிரிப்பு மெல்லக் கலைந்தது. கண் அசைந்தது. நர்மதாவை அடையாளம் கண்டது. பிறகு தன் கையைக் கண்டது.

முதல் அலறல் பானுவுடையதா, பக்கத்தில் இருந்தவளுடையதா தெரியாது. அடுத்த நொடி முப்பது தொண்டையும் திறந்தது. காலை ஏழு மணியிலிருந்து சேர்ந்த வலி. தகரக் கூரை அதிர்ந்தது. யாரோ நெற்றியை மேடையில் முட்டினாள். யாரோ தன் தாயைக் கூப்பிட்டாள். கத்தினார்கள், துடித்தார்கள், ஆனால் கைகள்…

கைகள் நிற்கவில்லை.

நர்மதா பானுவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடியும் பிடித்தாள். மடியில் அமுக்கினாள். உடம்பு முழுக்க மேலே சாய்ந்து அழுத்தினாள். ஒருத்தியைப் பிடிக்கலாம். முப்பது பேரை?

"போடுடி!" பானு அவள் முகத்துக்கு நேரே அலறினாள். "வலிக்குதுடி நர்மதா! தாங்க முடியல! அத போட்டுடு!"

"வேணாம் பானு. ஆம்புலன்ஸ் கூப்புடறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ…"

"போட்டுடுக்கா!" என்றாள் யாரோ. "உன் கால்ல உழறேன்!" இன்னொருத்தி. "போடுக்கா!" "போடும்மா!" முப்பது பேரும். டிக் டிக் டிக்.

நூற்றெட்டுக்கு அடித்தாள். பொன்னேரியிலிருந்து வர வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வரிசையின் கடைசியில் ஒருத்தியின் அலறல் பாதியில் அறுந்தது. தலை தொங்கிவிட்டது. தொங்கிய பிறகும் அவள் கை மேடையின் மேல் போய் வந்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம்.

பானுவின் போன் திட்டின் மேலேயே கிடந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. ‘வடக்கு அறை’. அத்தியாயம் இரண்டாயிரத்து நூற்று நான்கு. நடுவில் ஒரு முக்கோணம். தொட்டால் போதும்.

பானு அவளைப் பார்த்தாள். அழுவதற்குக்கூட அவளிடம் மூச்சு இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

நர்மதா தொட்டாள்.

போனுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அலறல் நின்றது. ஒரே வெட்டில். முப்பது முகமும் சுருக்கம் நீங்கி வழவழப்பாயின. தொங்கிப்போன தலைகூட மெல்ல நிமிர்ந்தது. பானு கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, சிரித்தாள்.

ஓடு என்று நர்மதா காலுக்குச் சொன்னாள். பஞ்சு எங்கே என்று தேடினாள். பஞ்சு கால்வாய்த் தண்ணீரில் சிவந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. குரல் காதோடு பேசியது. எவ்வளவு இதம். விரல் முட்டிகளில் வலி இல்லை. எங்கேயும் வலி இல்லை.

மேடையின் இடது பக்கம், பதினைந்து பெண்கள் யாரும் தலையைத் தூக்காமல், யாரும் கையை நிறுத்தாமல், முக்காலியோடு ஆளுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் இடம் விழுந்தது. அந்த இடத்தில் கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று. அதன் பின்னால் ஒரு முக்காலி, காலியாக.